இரண்டு கார்டு மாட்டிய கதை: வாங்கிய வரிசைதான் தப்பு

நேற்று ராத்திரிதான் முதல்முறையாக இரண்டு கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் வேகம் குறையாமல் ஓடின. மேல் கார்டு 77 டிகிரி, கீழ் கார்டு 68, சுவரில் மாட்டிய வாட் மீட்டர் 430-க்கும் 450-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. இந்த இடத்துக்கு வர ஆறு வாரம் ஆனது. அதில் நாலு வாரம், முதலில் வாங்க வேண்டியதைக் கடைசியிலும் கடைசியில் வாங்க வேண்டியதை முதலிலும் வாங்கியதால் போனது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

இந்தக் காலத்தில் எதற்கு இரண்டு கார்டு என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2021 ஜனவரி 1 முதல், ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் புதிதாக எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (இரண்டு கார்டும் சேர்ந்து ஒரே கேமை வரைய வைப்பதுதான் எஸ்எல்ஐ, அதற்காக டிரைவரில் ஒவ்வொரு கேமுக்கும் இருக்கும் அமைப்புதான் ப்ரொஃபைல்) சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. புதிய கேம் விளையாடத்தான் ஆசை என்றால் கொஞ்சம் புதிய ஒற்றை கார்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மதர்போர்டு செத்துப்போன பழைய மெஷினிலிருந்து ஒரு ஐ7-7700கே பிராசசரும் 16 ஜிபி ரேமும் என்னிடம் சும்மா கிடந்தன, படிக்கிற காலத்தில் இரட்டை கார்டு மெஷின் படங்களைப் பார்த்து ஏங்கியது மனதில் கிடந்தது, அப்போது எட்டாத கார்டுகள் இப்போது பழைய சாமானாக மலிவாகக் கிடைக்கின்றன. அவ்வளவுதான் காரணம்.

முதல் வேலையாக நான் செய்தது கார்டு வாங்கியது. இதுதான் முதல் தப்பு, ஆனால் அது தெரிய பத்து நாள் ஆனது. கார்டு தேர்வில் மட்டும் நல்லவேளையாக ஒரு பள்ளத்தில் விழாமல் தப்பித்தேன்: முதலில் இரண்டு ஜிடிஎக்ஸ் 1060 வாங்குவதாக இருந்தேன், 1060-இல் எஸ்எல்ஐ கிடையவே கிடையாது, கார்டின் மேல் விளிம்பில் பிரிட்ஜ் (இரண்டு கார்டையும் இணைக்கும் துண்டு) மாட்டும் தங்கநிறப் பல் இருக்காது. 10 வரிசையில் 1070-இலிருந்து மேலே உள்ளவற்றுக்குத்தான் அது உண்டு. 20 வரிசைக்குப் போனால் இன்னும் குழப்பம், 2070-க்குக் கிடையாது, 2070 சூப்பருக்கு உண்டு. 30 வரிசையில் 3090-க்கும் 3090 டிஐ-க்கும் மட்டும்தான். அதனால் படத்தில் கார்டின் மேல் விளிம்பு தெரியாவிட்டால் விற்பவரிடம் இன்னொரு படம் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

நான் எடுத்தது இரண்டு 1070. இரண்டும் வேறு வேறு கம்பெனி தயாரித்தவை, அது பரவாயில்லை, மாடலும் மெமரி அளவும் ஒன்றாக இருந்தால் போதும். 1070-உம் 1070 டிஐ-யும் ஜோடி சேராது. ஒன்று சரியாக இரண்டு ஸ்லாட் (போர்டில் கார்டு செருகும் இடம்) தடிமன், அதாவது சுமார் 40 மி.மீ.; இன்னொன்று இரண்டரை ஸ்லாட், ஸ்கேல் வைத்து அளந்தால் 50-க்குப் பக்கம். தடிமன் வித்தியாசம் அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. மெமரி பற்றியும் ஒரு வரி: 8 ஜிபி-யும் 8 ஜிபி-யும் சேர்ந்து 16 ஆகாது. இரண்டு கார்டும் அதே டெக்ஸ்சரை அதனதன் மெமரியில் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், கேமுக்குக் கிடைப்பது 8 மட்டும்தான்.

அடுத்தது போர்டு. 7700கே-க்குப் பொருந்துகிற, நீளமான இரண்டு ஸ்லாட் உள்ள ஒரு பி250 போர்டு கிடைத்தது. பெட்டியில் கிராஸ்ஃபயர் என்று போட்டிருந்தது. ஏஎம்டி-யின் இரண்டு கார்டு ஓடினால் என்விடியாவின் இரண்டு கார்டு ஓடாதா என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எல்லாவற்றையும் மாட்டி, விண்டோஸ் ஏற்றி, டிரைவர் போட்டால் டிவைஸ் மேனேஜரில் இரண்டு 1070-உம் லட்சணமாக வரிசையில் நிற்கின்றன, ஆனால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ-யை இயக்கும் இடமே இல்லை. டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன். பிரிட்ஜைத் திருப்பி மாட்டினேன். கார்டுகளை மேலும் கீழும் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது.

மாலையில் தம்பி வந்தான். கீழ் கார்டைக் கழற்றி வைத்திருந்தேன், அவன் சும்மா மொபைல் டார்ச்சை ஸ்லாட்டுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல முன்னாடி கொஞ்ச தூரம்தான் பின் இருக்கு, மிச்சம் வெறும் பிளாஸ்டிக்" என்றான். குனிந்து பார்த்தேன். மேல் ஸ்லாட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சீப்புப் பல் மாதிரி பின்கள் மினுக்குகின்றன. கீழ் ஸ்லாட்டில் குறுக்குக் கட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டன, அதற்கப்புறம் காலிப் பள்ளம். நீளம் எக்ஸ்16, உள்ளே இருப்பது எக்ஸ்4 (அந்த எண், தகவல் போய்வரும் பாதைகளின், அதாவது லேன்களின் எண்ணிக்கை). கிராஸ்ஃபயருக்கு எக்ஸ்4 போதும், எஸ்எல்ஐ-க்கு ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது எக்ஸ்8 வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் அந்தப் பேச்சையே எடுக்காது. போர்டின் கையேட்டில் நாலாவது பக்கத்தில் இது தெளிவாக எழுதியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, படிக்காதது நான்.

7700கே-விடம் கார்டுகளுக்காக இருப்பது 16 லேன். அதை எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்க இசட் என்று பெயர் தொடங்கும் சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்) உள்ள போர்டு வேண்டும், பி-யும் எச்-உம் பிரிக்க விடாது. ஆகவே ஒரு பழைய இசட்270 போர்டு தேடினேன். இந்த முறை வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்தேன்: கையேட்டில் இரண்டு கார்டு மாட்டினால் எக்ஸ்8/எக்ஸ்8 என்று அச்சிட்டிருக்கிறதா, எஸ்எல்ஐ என்ற சொல் பெயர் சொல்லி இருக்கிறதா, இரண்டு ஸ்லாட்டுக்கும் இடையே எத்தனை படி இடைவெளி. ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான அளவுப் போர்டில் ஒரு ஸ்லாட் நடுவிலிருந்து அடுத்த ஸ்லாட் நடுவுக்கு 20.32 மி.மீ. என் போர்டில் முதல் கார்டு இரண்டாவது இடத்தில், அடுத்த கார்டு ஐந்தாவது இடத்தில். மூன்று படி, சுமார் 61 மி.மீ. இந்த 61 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்ஜும் சூடும் இரண்டும் இதை வைத்துத்தான்.

பிரிட்ஜில் நான் பட்டது சின்ன அவமானம். பழைய போர்டில் சோதித்தபோது நண்பரிடம் இரவல் வாங்கிய வளையும் ரிப்பன் பிரிட்ஜ் இருந்தது, அது எந்த இடைவெளிக்கும் வளைந்து கொடுக்கும். 10 வரிசைக்கென்று வந்த எச்பி பிரிட்ஜ் கெட்டியானது, வளையாது, இரண்டு ஸ்லாட், மூன்று ஸ்லாட், நாலு ஸ்லாட் என்று தனித்தனி அளவில் வரும். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் என்பதால் இரண்டு ஸ்லாட் பிரிட்ஜ் என்று நினைத்து வாங்கிவிட்டேன். அந்த எண் கார்டின் தடிமன் இல்லை, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு உள்ள தூரம். 40 மி.மீ. பிரிட்ஜை 61 மி.மீ. இடைவெளிக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றது நல்ல காட்சி. மூன்று ஸ்லாட் பிரிட்ஜ் வரும்வரை இரவல் ரிப்பனிலேயே ஓட்டினேன், அதுவும் ஓடத்தான் செய்தது. 2560×1440, 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ரிப்பனே போதும். என் திரை 144 ஹெர்ட்ஸ் என்பதால் கெட்டிப் பிரிட்ஜ்தான் சரி என்று வாங்கினேன்.

பவர் சப்ளை மட்டும் முதல் தடவையே சரியாக அமைந்தது. 1070 ஒன்றுக்கு 150 வாட், இரண்டுக்கு 300, பிராசசருக்கு 91, மற்ற எல்லாம் சேர்த்து ஒரு 60 என்று கணக்குப் போட்டால் 450. அதன்மேல் மூச்சுவிட இடம் கொடுத்து 650 வாட், 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச்சான்று) எடுத்தேன். வாட்டைவிட நான் அதிகம் பார்த்தது கேபிள் எண்ணிக்கையை. ஒரே கேபிளின் முனையில் கார்டுக்கு மின்சாரம் தரும் இரண்டு 6+2 தலை (6 பின்னும் 2 பின்னும் சேர்ந்து 8 பின்) தொங்கும், அதில் ஒன்றை மேல் கார்டுக்கும் இன்னொன்றைக் கீழ் கார்டுக்கும் கொடுக்கலாம்தான், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் 8 பின் தலை ஒவ்வொன்றும் 150 வாட் வரை இழுக்கும், அத்தனையும் ஒரே கேபிளில் போவதை நான் விரும்பவில்லை. கார்டுக்கு ஒரு கேபிள், தனித்தனியாக. இன்னொன்று, கேபிள் கழன்று வரும் வகை பவர் சப்ளையாக இருந்தால் அதனுடன் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். வேறு பவர் சப்ளையின் கேபிள் அச்சு அசலாகப் பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், கார்டு போய்விடும்.

இரண்டாவது சுற்று மாட்டல் ஒரு மாலையில் முடிந்தது. ஒரே ஒரு தடுமாற்றம்: போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி-யை மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனது. டிஸ்க் செத்துவிட்டது என்று அரை மணி நேரம் துக்கம் காத்தேன். அப்புறம் கையேட்டைப் பார்த்தால் (இப்போது படிக்கும் பழக்கம் வந்துவிட்டது), அந்த எம்.2 இடத்தில் ஏதாவது மாட்டினால் ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டில் இரண்டு அணைந்துவிடும் என்று எழுதியிருக்கிறது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், டிஸ்க் திரும்பி வந்தது.

கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ வந்துவிட்டது. டிக் செய்தேன், திரை இரண்டு முறை கருத்து மீண்டது. அடுத்து கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தேன், அதில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தில் எக்ஸ்8 1.1 என்று காட்டுகிறது! முழு வேகமான 3.0 எங்கே என்று மறுபடி வியர்த்தது. சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தின் பக்கத்தில் சின்னக் கேள்விக்குறி பொத்தான் இருக்கும், அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் எண் எக்ஸ்8 3.0 என்று மாறும். மாறியது. கீழ் கார்டையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், அங்கேயும் எக்ஸ்8 3.0.

இனிமேல் சூடு. இங்கேதான் மிச்ச இரண்டு வாரமும் போனது.

முதல் நாள் கேம் போட்டு இருபது நிமிஷத்தில் மேல் கார்டு 84 டிகிரி, கிளாக் (கார்டு ஓடும் வேகம்) படிப்படியாக இறங்குகிறது, ஃபேன் இரைச்சல் பக்கத்து அறைவரை கேட்கிறது. கீழ் கார்டு 67-இல் நிம்மதியாக இருக்கிறது. கார்டு பழசு, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நினைத்து மேல் கார்டைப் பிரித்தேன். நாலு ஸ்பிரிங் ஸ்குரூ, இரண்டு ஃபேன் கனெக்டர், கீழே உண்மையிலேயே காய்ந்து சாம்பல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது பேஸ்ட். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு காபி ஃபில்டர் தாளால் துடைத்து, புதிதாகப் போட்டு, மெமரி மேல் இருந்த தெர்மல் பேடைக் கிழிக்காமல் அப்படியே விட்டு மூடினேன். 84 இருந்தது 82 ஆனது. இரண்டு டிகிரிக்கு இரண்டு மணி நேரம்.

அப்புறம்தான் யோசிக்காமல் செய்த ஒரு காரியம் வழி காட்டியது. கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டினேன், மேல் கார்டு 73. அப்படியென்றால் கார்டில் குறை இல்லை, அதற்குக் காற்று போய்ச் சேரவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால். இரண்டரை ஸ்லாட் தடிமன் கார்டைத்தான் நான் மேலே மாட்டியிருக்கிறேன். கார்டுகளின் ஃபேன் கீழ்நோக்கித்தான் இருக்கும், தடிமன் கீழே இறங்கும். 61-இல் 50 போனால் மிச்சம் ஒரு விரல்கூட நுழையாத 11 மி.மீ. சந்து, அதற்கடியில் கீழ் கார்டின் சூடான முதுகு. மேல் கார்டு பாவம், சுடுகாற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

இடத்தை மாற்றினேன். மெலிந்தது மேலே, தடித்தது கீழே. சந்து 21 மி.மீ. ஆனது. மேல் கார்டு இப்போது 80. கீழே போன தடித்த கார்டு இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்தது, போர்டின் அடி விளிம்பில் இருக்கும் முன்பக்க யுஎஸ்பி கேபிள் கனெக்டர் மேல் அது உட்கார்ந்துவிட்டது. கேபிளைப் படுக்க வைத்து வளைத்துச் சமாளித்திருக்கிறேன். அழகான வேலை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து, ஒரு 120 மி.மீ. ஃபேனை கார்டுகளின் முனைக்கு நேராக, அந்த 21 மி.மீ. சந்துக்குள் காற்று பாய்கிற மாதிரி ஹார்டு டிஸ்க் கூண்டில் நாலு கேபிள் டை போட்டுக் கட்டினேன். 1000 ஆர்பிஎம்-இல் வைத்தால் சத்தமே கேட்பதில்லை. மேல் கார்டு 77-இல் நின்றது. முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் வெளியே தள்ள, நடுவில் இந்தக் கட்டுமானம். பிராசசர் சூடு ஒற்றை கார்டு நாட்களைவிட 8 டிகிரி கூடத்தான் இருக்கிறது, இரண்டு கார்டின் அனலும் மேலே ஏறி அதன் டவர் கூலருக்குள்தான் போகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சரி, விளையாட்டில் என்ன கிடைத்தது? தி விட்சர் 3-இல் 1440 தெளிவில் ஒரு கார்டில் நொடிக்கு 60 ஃபிரேமை (படத்தை) ஒட்டி வந்தது, இரண்டில் 95-ஐ ஒட்டி வருகிறது. ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர், 2018-இல் வந்தது, டைரக்ட்எக்ஸ் 12-இல் இரண்டு கார்டைத் தானே கையாளத் தெரிந்த கேம். அதில் 52 இருந்தது 93 ஆனது, இதைப் பார்த்தபோதுதான் ஆறு வாரத்தின் எரிச்சல் கொஞ்சம் ஆறியது. மற்றபடி என்னிடம் உள்ள இருபத்திரண்டு கேமில் பதினொன்றில் இரண்டாவது கார்டு ஒரு வேலையும் செய்யவில்லை. இரண்டில், எஸ்எல்ஐ அணைத்தால்தான் வேகம் கூடுகிறது. முந்தைய ஃபிரேமின் தகவலை அடுத்த ஃபிரேமில் பயன்படுத்துகிற கேம்களுக்கு, ஒற்றைப்படை ஃபிரேமை ஒரு கார்டும் இரட்டைப்படையை இன்னொரு கார்டும் வரைகிற இந்த முறை ஒத்துவருவதே இல்லை.

எண்ணிக்கை கூடினாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு உதறல் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். 95 ஃபிரேம் என்று காட்டும், பார்த்தால் 60 மாதிரி இருக்கும். ரிவாட்யூனர் மென்பொருளில் ஃபிரேம் நேர வரைபடம் போட்டுப் பார்த்தேன், கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது, ஒரு ஃபிரேம் 7 மில்லி செகண்ட், அடுத்தது 14. உச்ச வேகத்தை 85-இல் கட்டிப்போட்டேன். பல்லெல்லாம் மழுங்கி கோடு ஏறக்குறைய நேரானது. பத்து ஃபிரேம் நஷ்டம், ஆனால் பார்க்க இதுதான் நன்றாக இருக்கிறது.

செலவை ஒப்பிட்டுச் சொல்கிறேன். முதல் 1070-இன் விலையை 100 என்று வைத்தால் இரண்டாவது 85 (ஒரு ஃபேன் கரகரக்கிறது என்று குறைத்தார்கள், ஒரு சொட்டு மெஷின் ஆயிலில் சரியானது), பவர் சப்ளை 70, இசட்270 போர்டு 60, சரியான பிரிட்ஜ் 15, ஃபேன்கள் 12. வீண் செலவு: பி250 போர்டு 45, தப்பான பிரிட்ஜ் 15. இந்த 60-இல் இன்னொரு இசட்270 போர்டே வந்திருக்கும்.

மறுபடி கட்டினால் முதலில் போர்டு கையேட்டைத் தரவிறக்கி எக்ஸ்8/எக்ஸ்8 வரியையும் ஸ்லாட் இடைவெளியையும் பார்ப்பேன், முடிந்தால் நாலு படி இடைவெளி உள்ள போர்டு எடுப்பேன். அந்த இடைவெளிக்கு ஏற்ற பிரிட்ஜ் கிடைக்கிறதா என்று அடுத்து. கெட்டிப் பிரிட்ஜ் பழைய சாமானாகத்தான் கிடைக்கும், மூன்று ஸ்லாட் அளவு கைக்கு வர எனக்கு ஒன்பது நாள் ஆனது. கேபினெட்டில் கீழ் கார்டுக்கு அடியில் குறைந்தது இரண்டு விரல் இடம். அதற்கப்புறம்தான் கார்டு, அதுவும் மேலே போவது கண்டிப்பாக இரண்டு ஸ்லாட் தடிமன், அல்லது சூடான காற்றைப் பின்பக்கமாக வெளியே ஊதுகிற ஒற்றை ஃபேன் புளோயர் வகை. புளோயர் இரையும், ஆனால் அனலை கேபினெட்டுக்குள் கொட்டாது.

பி250 போர்டைத் தம்பி எடுத்துக்கொண்டான், அவனுக்கு ஒரு கார்டு போதுமாம். தப்பாக வாங்கிய பிரிட்ஜ் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. இந்த வாரம் கீழ் கார்டுக்கும் பேஸ்ட் மாற்றிவிட்டு, அந்த யுஎஸ்பி கேபிளுக்கு எல் வடிவ அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும், இப்போதைக்கு முன்பக்க போர்ட்டில் எதையும் செருக பயமாக இருக்கிறது.